வெருளி

வெருளி என்பது விளைநிலத்தில் விதையையும் கதிரையும் உண்ண வரும் பறவைகளை அச்சுறுத்துவதற்காக மனித உருவில் செய்து நிறுத்தப்படும் பொம்மை ஆகும். இரண்டு கழிகள், சிறிது வைக்கோல், பழைய சட்டை, ஒரு மண்பானை ஆகியவை இருந்தால் ஒரு மணி நேரத்தில் செய்து முடிக்கக்கூடிய இவ்வுருவம், உலகின் பெரும்பாலான உழவுச் சமூகங்களில் ஏதேனும் ஒரு வடிவில் காணப்படுகிறது. இன்று வயல்களில் இதன் பயன்பாடு குறைந்து வருகிறது. அதே வேளையில் இங்கிலாந்து, ஜப்பான், ஐக்கிய அமெரிக்கா முதலிய நாடுகளில் ஊர்களும் பொதுப் பூங்காக்களும் வெருளி அமைக்கும் விழாக்களையும் போட்டிகளையும் நடத்துகின்றன. தமிழ்நாட்டில் இவ்வுருவம் வயலை விட்டுக் கட்டடங்களுக்கு இடம்பெயர்ந்து, கண்ணேறு கழிக்கும் பொம்மையாக நிற்கிறது. பறவையின் கண்ணுக்காகச் செய்யப்பட்ட ஒன்று மனிதரின் கண்ணுக்கான ஒன்றாக மாறியது எவ்வாறு என்பதை அறிய, அது வயலில் எவ்வாறு வேலை செய்தது, எங்கே தோற்றது என்பதை முதலில் அறிய வேண்டும்.

பெயர்

வெருள் என்றால் அஞ்சுதல். வெருட்டு என்றால் அஞ்சச் செய்தல். வெருட்டுவது வெருளி. இலங்கைத் தமிழரிடையே இச்சொல் பேச்சு வழக்கிலும் உண்டு. தமிழ்நாட்டில் சோளக்கொல்லைப் பொம்மை, சோளக்காட்டுப் பொம்மை என்னும் பெயர்களே பரவலாக அறியப்பட்டவை. பொருந்தாத தொளதொள உடை அணிந்து வருபவரைச் "சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி" என்று கேலி செய்வதும் உண்டு.

நெல்வயல் பொம்மை என்றோ கரும்புத் தோட்டப் பொம்மை என்றோ யாரும் சொல்வதில்லை என்பதைக் கவனிக்கலாம். சோளத்தின் மணிகள் செடியின் உச்சியில், உறையின்றி, கொத்தாகத் திறந்து கிடப்பவை. தட்டை உறுதியானதாதலால் பறவை அதன்மேல் அமர்ந்தே உண்ணலாம். கம்பும் ஏறக்குறைய இத்தகையதே. நெல்மணிக்கு உமி உண்டு. மக்காச்சோளத்துக்கு மடல் உண்டு. பறவைகளால் மிகுதியாக இழப்புக்கு உள்ளாகும் பயிரின் பெயரையே மக்கள் பொம்மைக்கு இட்டுள்ளனர்.

அமைப்பு

ஆள் உயரத்துக்குச் சற்று மேற்பட்ட ஒரு கழியை நிலத்தில் ஊன்றி, தோள் உயரத்தில் மற்றொரு கழியைக் குறுக்காகக் கட்டுவர். குறுக்குக் கழியில் சட்டையை மாட்டி, உள்ளே வைக்கோல் திணித்து, இடுப்பில் கயிற்றால் இறுக்குவர். உச்சியில் கவிழ்க்கப்படும் மண்பானை தலையாகிறது. பானையில் கரி பூசி, சுண்ணாம்பால் கண்ணும் வாயும் வரைவர். சில இடங்களில் முகம் வரையாமல் வெண்புள்ளியும் கரும்புள்ளியும் மட்டும் குத்துவர்.

அமைப்பில் உண்மையாகப் பயன் தருவது முகம் அன்று. சட்டையின் கைகளே ஆகும். கைப்பகுதிகளை வைக்கோலால் முழுவதும் நிரப்பாமல் தளர்வாக விட்டால் அவை காற்றில் அசையும். அசையாத உருவத்தைக் காட்டிலும் அசையும் உருவத்துக்குப் பறவைகள் மிகுதியாக அஞ்சுகின்றன. முகத்தை அழகாக வரைவதில் செலவிடும் நேரத்தைச் சட்டையைத் தளர்வாகக் கட்டுவதில் செலவிடுவது வயலுக்கு நல்லது.

வெருளி எப்போதும் கண்ணுக்கு மட்டும் உரிய கருவியாகவும் இருந்ததில்லை. ஜப்பானிய மொழியில் வெருளியைக் குறிக்கும் "ககாஷி" என்னும் சொல், மணக்கச் செய்தல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. பழைய கந்தல், மயிர், மீன் தலை போன்றவற்றைக் கருக்கிக் கழியில் தொங்கவிட்டு, அந்த நாற்றத்தால் விலங்குகளை விரட்டிய வழக்கத்தின் நினைவு அப்பெயரில் தங்கியுள்ளது.

பயிரும் பறவையும்

பறவையால் நேரும் இழப்பு ஆண்டு முழுவதும் சீராக நேர்வதன்று. விதைத்தது முதல் முளை வேர் பிடிக்கும் வரை ஒரு காலம்; கதிர் பால் பிடிப்பது முதல் அறுவடை வரை மற்றொரு காலம். இவ்விரண்டு குறுகிய இடைவெளிகளிலேயே பெரும்பாலான சேதம் நிகழ்கிறது. விதைப்பின்போது காகம், மைனா, புறா, மயில் ஆகியவை வந்து விதையைக் கிளறி உண்கின்றன. பால் பிடிக்கும் பருவத்தில் சில்லைகளும் தூக்கணாங்குருவிகளும் கூட்டமாக இறங்கி மென்மையான மணிகளை நசுக்கி உறிஞ்சுகின்றன. மணி முற்றியபின் கிளிகள் வருகின்றன. கிளி தான் உண்பதைக் காட்டிலும் கடித்துக் கீழே உதிர்ப்பது மிகுதி.

ஊர் முழுவதும் ஒரே வேளையில் விளைந்தால் இழப்பு எல்லா வயல்களுக்கும் பகிர்ந்து போகும். ஒருவர் வயல் மட்டும் முந்தியோ பிந்தியோ விளைந்தால் சுற்று வட்டாரப் பறவைகள் அனைத்தும் அங்கேயே குவியும். எனவே பெரும் பரப்பில் பயிரிடுபவருக்குச் சிறு தொல்லையாகத் தோன்றுவது, அரை ஏக்கரில் தனித்துப் பயிரிடுபவருக்கு அப்பருவத்தின் விளைச்சலையே பறித்துவிடக்கூடும். சுற்றிலும் நிலங்கள் தரிசாகவும் மனைகளாகவும் மாறிவரும் ஊர்களில் எஞ்சியுள்ள வயல்கள் இந்நிலையிலேயே உள்ளன.

திருவிடந்தையை உள்ளடக்கிய செங்கல்பட்டுக் கடற்கரைப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இங்குக் கடலை ஒட்டிய மணற்பாங்கான நிலத்தில் சவுக்கு, வேர்க்கடலை, தர்ப்பூசணி ஆகியவையும், உள்ளே ஏரிப் பாசன நிலத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரைப் பருவங்களில் நெல்லும் பயிராகின்றன. சவுக்குக்கு வெருளி தேவையில்லை. வேர்க்கடலை விதைத்த நாளிலும் தர்ப்பூசணி பழுக்கும் வாரங்களிலும் காவல் தேவைப்படுகிறது. காகம் தர்ப்பூசணியில் ஒரு கொத்துக் கொத்தினால் போதும், அந்தப் பழம் சந்தைக்குப் போகாது.

செயற்படும் முறையும் அதன் எல்லையும்

பறவை தன் சுற்றுப்புறத்தில் திடீரெனத் தோன்றும் புதிய பொருளைக் கண்டு விலகுகிறது. இது உயிர் காக்கும் இயல்பு. வெருளி இந்த இயல்பையே பயன்படுத்துகிறது. மனித உருவம் என்பதால் அச்சம் கூடுகிறது என்பது உண்மையே. ஆயினும் அடிப்படை புதுமையே ஆகும்.

இதிலேயே அதன் குறையும் அடங்கியுள்ளது. புதியது என்றும் புதியதாக இருப்பதில்லை. ஒவ்வொரு நாளும் அதே இடத்தில், அதே உடையில், யாருக்கும் எத்தீங்கும் செய்யாமல் நிற்கும் ஒன்றை அஞ்சுவது பறவைக்கு இழப்பு. அஞ்சாமல் இறங்கி உண்டால் இரை கிடைக்கிறது. இவ்வாறு அச்சம் படிப்படியாகத் தேய்வதை உயிரியலார் பழகிப்போதல் என்பர். அசையாத வெருளியின் பயன் பெரும்பாலும் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரையே நீடிக்கிறது. அதன்பின் காகம் அதன் தோளிலேயே அமரும். கணினித் துறையினர் இதனைப் பொய் எச்சரிக்கையோடு ஒப்பிடக்கூடும்: காரணமின்றி அடிக்கடி ஒலிக்கும் எச்சரிக்கை மணியை மனிதரும் சில நாட்களில் பொருட்படுத்துவதில்லை.

காகத்தைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் கடினம். ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மார்ஸ்லஃப் என்பவரும் அவருடைய குழுவினரும் 2006 இல் தொடங்கிய ஆய்வொன்றில், முகமூடி அணிந்து காகங்களைப் பிடித்து, வளையமிட்டு விடுவித்தனர். பின்னர் அதே முகமூடியை அணிந்து நடந்தவர்களைக் காகங்கள் கூட்டமாகச் சூழ்ந்து கரைந்தன. வேறு முகமூடி அணிந்தவர்களைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. இந்த எதிர்ப்புப் பல ஆண்டுகள் நீடித்தது. இது அமெரிக்கக் காகத்தைப் பற்றிய ஆய்வே ஆயினும், தீங்கு செய்த முகத்தையும் செய்யாத முகத்தையும் பிரித்தறியும் ஒரு பறவைக் குடும்பத்தின் முன் மண்பானை முகம் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

ஆகவே வெருளியைத் திறம்படப் பயன்படுத்துவது என்பது அதன் புதுமையை நீட்டிப்பதே ஆகும். சேதம் தொடங்குவதற்குச் சற்று முன்னரே நிறுத்த வேண்டும். ஒரு வயலில் உண்டு பழகிவிட்ட கூட்டத்தை விரட்டுவது கடினம். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை இடத்தையும் உடையையும் மாற்ற வேண்டும். அவ்வப்போது ஓசையும் சேர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இடையிடையே அதே போன்ற உடையணிந்த உண்மையான ஆள் வயலில் நின்று கல்லெறிய வேண்டும். அறுவடை முடிந்ததும் அகற்றிவிட வேண்டும். பலர் அகற்றுவதில்லை, ஓராண்டாக வெயிலிலும் மழையிலும் நிற்கும் வெருளி அடுத்த பருவத்தில் வெறும் கழியே.

மொட்டை மாடியில் வடகம் காயவைக்கும் வீடுகளில் அருகே கறுப்புக் குடையை விரித்து வைப்பதும், கறுப்புத் துணியைக் கட்டித் தொங்கவிடுவதும் இதே உத்தியின் சிறிய வடிவங்கள். வடகம் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடுவதால், பழகிப்போவதற்குக் காகத்துக்கு நேரம் போதுவதில்லை. வெருளி தன் முழுத் திறனையும் காட்டும் இடம் அநேகமாக இதுவே.

வெருளிக்கு முன் காவலர்

வெருளி என்பது ஆளில்லாத வேளையில் ஆள் இருப்பதுபோல் காட்டும் ஏற்பாடு. ஆதலால் அது எந்த ஆளுக்குப் பதிலாக நிற்கிறது என்று கேட்க இடமுண்டு. சங்க இலக்கியத்தின் குறிஞ்சிப் பாடல்கள் அதற்கு விடை தருகின்றன. தினைப்புனத்தில் உயரமான பரண் அமைத்து, அதன்மேல் இருந்து இளம்பெண்கள் கிளிகளை விரட்டினர். இப்பரண் இதணம் என்றும் வழங்கப்பட்டது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு தழல், தட்டை, குளிர் ஆகிய கிளி விரட்டும் கருவிகளைக் குறிப்பிடுகிறது. தழல் கையால் சுற்றி ஓசை எழுப்புவது. தட்டை என்பது பல பிளவுகளாகப் பிளந்த மூங்கில். அடித்தால் ஓசை எழும். இவற்றோடு கல்லெறியும் கவணும் இருந்தது.

புனங்காவல் உழவுப் பணியாக மட்டும் பாடல்களில் வரவில்லை. தலைவனும் தலைவியும் சந்திக்கும் களம் அதுவே. தினை முற்றி அறுவடையானால் காவல் முடிகிறது, சந்திப்பும் முடிகிறது. தலைவி வீட்டுக்குள் இருத்தப்படுகிறாள். காஞ்சிபுரத்தில் கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய கந்தபுராணத்தில் வள்ளி ஆலோலம் பாடித் தினைப்புனம் காத்ததும், முருகன் அங்கு வந்ததும் இம்மரபின் தொடர்ச்சியாகும்.

இக்காவலர் அனைவரிடமும் வைக்கோல் பொம்மையிடம் இல்லாத ஒன்று இருந்தது. அவர்கள் எப்போது எழுவார்கள், எங்கிருந்து கல் வரும் என்று கிளிக்குத் தெரியாது. அண்மைக் காலம் வரை தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் சோளக்கொல்லைக்கும் கம்பங்கொல்லைக்கும் சிறுவரையும் முதியோரையும் காவலுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. தகரத்தைத் தட்டுவதும் கூவுவதும் அவர்கள் வேலை. பள்ளிக்கூடம் அச்சிறுவரைக் கொல்லையிலிருந்து அழைத்துக்கொண்டது. அது நன்மையே. ஆனால் அவர்கள் விட்டுச் சென்ற இடத்தை நிரப்பக் கூலி ஆளுக்குக் கொடுக்கும் பணம் சிறு உழவரிடம் இல்லை. வெருளியும் அதன் புதிய மாற்றுகளும் அந்த இடைவெளியில்தான் நிற்கின்றன.

பிற முறைகள்

வயலின் குறுக்கே பளபளக்கும் நாடா கட்டுவது இன்று பரவலான முறை. ஒருபுறம் சிவப்பும் மறுபுறம் வெள்ளிப் பூச்சும் கொண்ட மெல்லிய நாடாவை முறுக்கிக் கட்டினால், அது வெயிலில் மின்னுவதுடன் காற்றில் இரைச்சலும் எழுப்பும். 1980களில் இந்தியா, வங்காளதேசம், பிலிப்பைன்ஸ், ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளில் இது சோதிக்கப்பட்டுப் பல பயிர்களில் பயன் தந்தது. ஒலிநாடாப் பேழைகள் வழக்கொழிந்தபோது, அவற்றின் உள்ளிருந்த நாடாவை உருவி வயலில் கட்டிய உழவர்கள் பலர். அடுத்து வழக்கொழிந்த குறுந்தகடுகளும் இப்போது கொல்லைகளில் தொங்குகின்றன. பாட்டுக் கேட்கும் கருவிகள் ஒவ்வொன்றாகக் கிளி விரட்டப் போவதைக் காணும்போது, தழலும் தட்டையும் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

வயலைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டுவது காட்டுப்பன்றிக்கு எதிரான வழக்கம். வெடியோசை எழுப்பும் கருவிகளும், பருந்து வடிவப் பட்டங்களும் உண்டு. பட்டம் வானில் அசைந்துகொண்டே இருப்பதால் அசையாத வெருளியைவிட நன்கு வேலை செய்கிறது. காற்று நின்றால் அதுவும் நின்றுவிடும். நைலான் வலை உறுதியான தடுப்பு. எனினும் அதில் சிக்கி இறக்கும் பறவைகளும் பாம்புகளும் மிகுதி. எல்லாவற்றிலும் மோசமானது நஞ்சு கலந்த தானியம். 1963 இல் நாட்டுப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயில், 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது; அதனைக் கொல்வது குற்றம். ஆயினும் விதைத்த வேர்க்கடலையை மயில் கிளறிப் போட்ட காலையில், சட்டம் தடுப்பதை மட்டும் உழவருக்குச் சொல்லி மாற்று வழியைச் சொல்லாமல் விடுவது போதாது. உயிர் எடுக்காத முறைகளில் மிக மலிவானது என்பதே வெருளியின் இன்றைய சிறப்பு.

சிறுதானிய வகைகளைத் தேர்ந்தெடுப்பதும் ஒருவகைக் காவலே. கதிரில் நீண்ட கூர்மயிர் கொண்ட கம்பு வகைகளையும், துவர்ப்பு மிகுந்த செந்நிறச் சோள வகைகளையும் பறவைகள் குறைவாக உண்கின்றன.

விரட்டக் கூடாத பறவைகள்

எல்லாப் பறவையும் பயிருக்குப் பகை அன்று. தூக்கணாங்குருவி தானியத்தை உண்டாலும் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையே மிகுதியாக ஊட்டுகிறது. சீனாவில் 1958 இல் தொடங்கிய நான்கு பீடை ஒழிப்பு இயக்கத்தின்போது மக்கள் தட்டுகளையும் முரசுகளையும் தட்டிச் சிட்டுக்குருவிகளை அமரவிடாமல் துரத்திக் கொன்றனர். ஒரு நாடே வெருளியாக மாறி நின்றது எனலாம். பயிர்ப் பூச்சிகள் பெருகியபின், 1960 இல் பட்டியலிலிருந்து சிட்டுக்குருவியை நீக்கி மூட்டைப்பூச்சியைச் சேர்த்தனர். அக்காலத்துப் பெரும் பஞ்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு. குருவி அழிப்பும் அவற்றுள் ஒன்றாகக் கருதப்படுகிறது.

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டு உள்ளது. மதுராந்தகம் வட்டத்திலுள்ள வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் நாரைகளையும் கொக்குகளையும் நீர்க்காகங்களையும் ஊரார் விரட்டியதில்லை. அவை மீன் உண்பவை, நெல்லைத் தொடுவதில்லை. அவற்றின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை உழவர்கள் அறிந்திருந்தனர். ஆங்கிலேயப் படைவீரர்கள் இப்பறவைகளைச் சுட்டபோது அவர்கள் முறையிட, அப்போதைய ஆட்சியர் லயனல் பிளேஸ் 1798 இல் பறவைகளைக் காக்கும் ஊராரின் உரிமையை ஏற்று ஆணை அளித்தார். எந்தப் பறவையை வெருட்ட வேண்டும், எதனை வெருட்டக் கூடாது என்பது உழவரின் அறிவில் ஒரு பகுதி.

கண்ணேறும் வெருளியும்

தமிழ்நாட்டு வயலில் நின்ற வெருளிக்குத் தொடக்கம் முதலே இரண்டாவது பணி ஒன்று உண்டு. நன்கு விளைந்த பயிரைக் கண்டு வழிப்போக்கர் வியந்தால் "கண் பட்டுவிடும்" என்பது நம்பிக்கை. பார்வை பயிர்மேல் விழுமுன் கோரமான அல்லது வேடிக்கையான ஓர் உருவத்தின்மேல் விழுந்து சிதறட்டும் என்பதற்காகவே பானையில் புள்ளி குத்துவதும், நாக்கை வெளியே தொங்கவிடுவதும். முகத்தை அழகாக வரைவது பறவைக்காக அன்று என்று முன்னர்க் கண்டோம். அது மனிதருக்காக.

இவ்விரண்டாம் பணிக்கு வயல் தேவையில்லை. எனவே வயல் குறைந்தபோதும் பொம்மை மறையவில்லை. கட்டி முடியாத வீட்டின் முகப்பில் பழைய கால்சட்டையும் சட்டையும் வைக்கோலும் கொண்டு கட்டித் தொங்கவிடப்படும் உருவம், பூசணிக்காயில் வரைந்த அரக்க முகம் ஆகியவற்றைத் தமிழ்நாட்டின் எந்தச் சாலையிலும் காணலாம். பொருளும் செய்முறையும் ஏறக்குறைய ஒன்றே. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொல்லைகள் இருந்த பல இடங்களில் மனைகளும் வீடுகளும் எழுந்துள்ளன. அந்தக் கொல்லையைக் காத்த அதே வைக்கோல் மனிதன் இப்போது கொல்லையின்மேல் எழும் சுவரைக் காக்கிறான்.

திருவிடந்தையில் இந்நம்பிக்கை கோயிலோடும் இணைந்துள்ளது. 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான நித்தியகல்யாணப் பெருமாள் கோயிலின் உற்சவர் முகத்தில் இயற்கையாகவே ஒரு திருஷ்டிப் பொட்டு உள்ளதாகவும், அதனைத் தரிசிப்பவருக்குக் கண்ணேறு நீங்கும் என்றும் பக்தர்கள் நம்புகின்றனர். குழந்தையின் கன்னத்தில் இடும் மையும், கொல்லைப் பானையின் கரும்புள்ளியும் இப்பொட்டும் ஒரே எண்ணத்தின் வெவ்வேறு இடங்கள். கண்ணேறு என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. ஆயினும் பார்வையைத் திசைதிருப்புதல் என்ற அளவில் இப்பொம்மை தன் வேலையைச் செய்கிறது. புது வீட்டைப் பார்க்கும் எவரும் முதலில் பார்ப்பது அதனையே.

விழாக்களும் போட்டிகளும்

மனிதப் பார்வைக்காகவே வெருளி செய்யும் வழக்கம் மேலைநாடுகளிலும் ஜப்பானிலும் கடந்த சில பத்தாண்டுகளில் விழாவாக வளர்ந்துள்ளது. ஜப்பானின் யாமகத்தா மாகாணத்திலுள்ள காமினோயாமா என்னும் வெந்நீரூற்று நகரம் 1971 முதல் தேசிய வெருளி விழாவை நடத்தி வருகிறது. நெல் விளையும் செப்டம்பர் மாதத்தில் நடைபெறும் இவ்விழாவில் மரபான வைக்கோல் உருவங்களோடு அவ்வாண்டின் செய்திகளில் அடிபட்ட அரசியல்வாதிகள், விளையாட்டு வீரர்கள் ஆகியோரின் உருவங்களும் இடம்பெறுகின்றன. ஜப்பானில் வெருளிக்குத் தெய்வ மரபும் உண்டு. கி.பி. 712 இல் தொகுக்கப்பட்ட கொஜிக்கி என்னும் நூலில் கூயெபிகோ என்னும் வெருளித் தெய்வம் வருகிறது. அதனால் நடக்க இயலாது. ஆனால் நின்ற இடத்திலிருந்தே உலகில் உள்ள அனைத்தையும் அறியும்.

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பள்ளத்தாக்குகளில் உள்ள கெட்டில்வெல் என்னும் சிற்றூரில் 1994 முதல் வெருளி விழா நடைபெறுகிறது. ஊர்ப் பள்ளிக்கு நிதி திரட்டும் எண்ணத்துடன் தொடங்கிய விழா இது. ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் வாசலிலும் கூரையிலும் சுவர்மேலும் உருவங்களை நிறுத்துவர். வருவோர் ஊர் முழுவதும் நடந்து அவற்றைத் தேடிக் காண்பர். பெரிய மைதானமோ அரங்கமோ தேவையில்லை, ஊரே அரங்கம் என்பதால் இம்முறை இங்கிலாந்தின் பல சிற்றூர்களுக்குப் பரவியது. அந்நாட்டின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் உள்ள ஒரு பண்ணையில் 2014 ஆகஸ்டில் 3,812 வெருளிகள் ஒரே இடத்தில் நிறுத்தப்பட்டு உலக சாதனையாகப் பதிவாயின.

ஐக்கிய அமெரிக்காவில் இதனைப் பொதுப் பூங்காக்கள் ஏற்றன. ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா தாவரவியல் பூங்காவும், டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் உள்ள சீக்வுட் பூங்காவும் அறுவடைக் காலமான இலையுதிர் காலத்தில் தம் நடைபாதைகளில் வெருளிகளை நிறுத்துகின்றன. உருவங்களைச் செய்வோர் உள்ளூர்ப் பள்ளிகள், குடும்பங்கள், கலைஞர்கள், நிறுவனங்கள் ஆகியோர். கோடை மலர்கள் முடிந்து பூங்கா வெறுமையாகத் தொடங்கும் வாரங்களில் மக்களை வரவழைக்க இது உதவுகிறது. செய்தவர் தம் உறவினரோடு மீண்டும் ஒருமுறை வந்து பார்ப்பார் என்பதும் பூங்காவுக்குத் தெரியும்.

இத்தகைய போட்டிகளில் வெருளியை மதிப்பிடும் அளவுகோல்கள் கற்பனை, கைத்திறன், பழைய பொருள்களைப் பயன்படுத்திய விதம் போன்றவை. மழையையும் காற்றையும் தாங்கிப் பல நாட்கள் நிற்க வேண்டும் என்பது வயலுக்கும் போட்டிக்கும் பொதுவான ஒரே தேவை. மற்றபடி இரண்டும் எதிரெதிரானவை. வயல் வெருளியின் அருகே யாரும் வரக்கூடாது. போட்டி வெருளியின் அருகே எல்லோரும் வர வேண்டும். வயலில் அது அசைய வேண்டும். பூங்காவில் புகைப்படத்துக்காக அசையாமல் நிற்க வேண்டும். எத்தனை பறவைகள் விலகின என்று எண்ணிப் பரிசளிக்கும் போட்டி இருந்தால் பானைத் தலையும் தளர்ந்த கையும் கொண்ட பழைய பொம்மைக்கு முதலிடம் கிடைக்கலாம், அதுவும் முதல் வாரத்துக்கு மட்டும்.

வயலுக்கும் விழாவுக்கும் இடையே உள்ள எல்லை மிக மெல்லியது என்பதற்கு ஜப்பானின் ஷிகோகு தீவில், தொகுஷிமா மாகாணத்தின் இயா பள்ளத்தாக்கில் உள்ள நாகோரோ என்னும் மலையூர் சான்று. ஊர் திரும்பிய அயனோ சுகிமி என்னும் பெண்மணி தோட்டத்தில் விதைத்த விதைகளைப் பறவைகள் தின்றுவிட்டதால் ஒரு வெருளி செய்தார். அதற்குத் தம் தந்தையின் சாயலைக் கொடுத்தார். பறவைகளுக்காக நிறுத்திய அவ்வுருவத்தை அவ்வழியே சென்ற அக்கம்பக்கத்தார் அவருடைய தந்தை என்றே எண்ணி நலம் விசாரித்தனர். அதன்பின் அவர் ஊரில் இறந்தவர்களையும் ஊரை விட்டுப் போனவர்களையும் ஒவ்வொருவராகச் செய்யத் தொடங்கினார். 2012 இல் மாணவரின்றி மூடப்பட்ட பள்ளியின் வகுப்பறையில் இப்போது மாணவப் பொம்மைகளும் ஆசிரியப் பொம்மைகளும் அமர்ந்துள்ளன. பேருந்து நிறுத்தத்திலும் வயல் வரப்பிலும் மின்கம்பத்தின் மேலும் பொம்மைகள் உள்ளன. ஊரில் வாழும் மனிதரின் எண்ணிக்கை முப்பதுக்கும் குறைவு. பொம்மைகள் பல மடங்கு. இவற்றைக் காண வெளிநாடுகளிலிருந்தும் பயணிகள் வருகின்றனர்.